ஏசலும் வசையும்: எமினெமின் எழுச்சியில் பேச்சுவழக்கும் அதன் எல்லையும்

முன்னுரை

ராப் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. வறுமை, தந்தையற்ற இளமை, பாதியில் நின்ற பள்ளிப்படிப்பு, கைகொடுத்த நண்பன், எதிர்பாராது வந்த வாய்ப்பு, புகழ், செல்வம் என்னும் படிநிலைகள் அவற்றில் மாறாமல் வருகின்றன. அமெரிக்க ராப் கலைஞர் எமினெமின் வரலாறு இவ்வார்ப்பில் பன்முறை சொல்லப்பட்ட ஒன்று. நூல்களும் நேர்காணல்களும் 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘8 மைல்’ திரைப்படமும் அதனை ஒரு தனிமனிதனின் விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றியாகவே நிலைநிறுத்தியுள்ளன.

இவ்விளக்கம் பொய்யன்று, ஆனால் குறையுடையது. ராப் என்பது அடிப்படையில் பேச்சுக்கலை. அதன் கருவி குரலும் தாளமும் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் பேச்சுவழக்கும் ஆகும். அவ்வழக்கு யாருடையது, அதனை வேற்றினத்து இளைஞர் ஒருவர் எவ்வாறு கைக்கொண்டார், அதன் பேச்சுச் சடங்குகள் இசைத்தட்டில் ஏறும்போது என்ன மாற்றம் அடைகின்றன என்னும் வினாக்களை வாழ்க்கை வரலாறுகள் எழுப்புவதில்லை. எமினெமின் தொடக்கக்கால வாழ்வையும் 1996 முதல் 2002 வரையிலான அவருடைய படைப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இளமையும் இடமாற்றமும்

எமினெம் என்னும் மேடைப்பெயர் கொண்ட மார்ஷல் மேத்தர்ஸ் 1972 அக்டோபர் 17ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயுடன் மிசௌரிக்கும் மிச்சிகனுக்கும் இடையே பலமுறை இடம்பெயர்ந்த பின்னர், டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பகுதியிலும் அதனை ஒட்டிய வாரன் என்னும் புறநகரிலும் அவருடைய வளரிளம்பருவம் கழிந்தது. அடிக்கடி பள்ளி மாறியதால் எங்கும் வேரூன்ற இயலவில்லை. உடன்பயின்றோரால் தாக்கப்பட்டதும் உண்டு. வாரனில் உள்ள லிங்கன் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் மும்முறை தேறாமல், பதினேழாம் வயதில் படிப்பைக் கைவிட்டார்.

ஏறத்தாழத் தம் வயதினரான தாய்மாமன் அளித்த ‘பிரேக்கின்’ (1984) திரைப்படத்தின் பாடல்தொகுப்பின் வழியாக அவர் முதன்முதலில் ராப் இசையைக் கேட்டார். அந்தத் தாய்மாமன் 1991இல் தற்கொலை செய்துகொண்டார். ப்ரூஃப் என்னும் மேடைப்பெயரால் அறியப்பட்ட டெஷான் ஹோல்டன் என்ற கறுப்பின இளைஞரின் நட்பு இக்காலத்தின் மற்றொரு திருப்பமாகும். டெட்ராய்ட்டின் ராப் போட்டி மேடைகளுக்கு எமினெமை அழைத்துச் சென்று, அங்குள்ளோர் அவருக்குச் செவிகொடுக்கச் செய்தவர் இவரே. உணவகச் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டே பாடல் இயற்றிய ஆண்டுகள் இவை.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைக் கடக்க இயலாத இவ்விளைஞர் அகராதியை ஊன்றிப் படித்தவர் என்பதும், சொற்களையும் இயைபுகளையும் தாள்களில் நுண்ணெழுத்தால் நிறைத்துப் பெட்டிகளில் சேர்த்து வைத்தவர் என்பதும் மொழியியலார் கருதத்தக்க செய்திகள். பள்ளி அளந்த மொழித்திறன் வேறு. தெரு அளந்த மொழித்திறன் வேறு என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

2. சாலையின் இருபுறமும்

எட்டாம் மைல் சாலை டெட்ராய்ட் மாநகரின் வட எல்லை. அதன் தெற்கே மாநகர். வடக்கே வாரன் உள்ளிட்ட புறநகர்கள். 1950இல் ஏறத்தாழ பதினெட்டரை இலட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 9,51,270ஆகக் குறைந்தது. அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அதே கணக்கெடுப்பில் வாரனில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். கறுப்பினக் குடியிருப்பை வெள்ளையர் குடியிருப்பிலிருந்து பிரிப்பதற்கென இச்சாலைக்கு அருகே 1941இல் எழுப்பப்பட்ட சுவர் இன்றும் நிற்கிறது. மாநகர்ப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் இணைத்து இனக்கலப்பை ஏற்படுத்தும் திட்டத்தை 1974இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதன்பின் இச்சாலை பள்ளிக்கும் எல்லையாயிற்று. பள்ளிக்கு எல்லையானது பேச்சுக்கும் எல்லையாயிற்று எனலாம்.

சமுதாய மொழியியலின் வரலாற்றிலும் டெட்ராய்ட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. ரோஜர் ஷையின் தலைமையில் 1960களில் நடைபெற்ற டெட்ராய்ட் கிளைமொழி ஆய்வின் தொடர்ச்சியாக, வால்ட் வுல்ஃப்ரம் 1969இல் அந்நகரக் கறுப்பினத்தவரின் பேச்சை விரிவாக விளக்கினார். சொல்லிறுதி மெய்ம்மயக்கம் குறைதல், உயிருக்குப் பின்வரும் ரகரம் நலிதல், இணைப்புவினை மறைதல், ஒரே தொடரில் எதிர்மறை பலமுறை வருதல் முதலான கூறுகள் வகுப்புநிலைக்கேற்ப ஒழுங்காக வேறுபடுவதை அவர் காட்டினார். அவ்வழக்கு சிதைந்த ஆங்கிலமன்று, விதிகளுடைய ஒழுங்கமைப்பே என்பது இத்தகைய ஆய்வுகளால் நிறுவப்பட்டது.

இம்முடிவு நீதிமன்றத்துக்கும் சென்றது மிச்சிகனில்தான். ஆன் ஆர்பர் நகரப் பள்ளியொன்றில் பயின்ற கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுமொழியைக் கணக்கில் கொள்ளாமல் அவர்களைக் கல்வித்திறன் குறைந்தோராக நடத்தியது பற்றிய வழக்கில், 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பளித்தார். டெட்ராய்ட்டின் வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிவா ஸ்மிதர்மன் அவ்வழக்கில் முதன்மை அறிவுரையாளராக விளங்கினார். எமினெம் டெட்ராய்ட்டுக்கு வந்தபோது அம்மாநிலத்தில் பேச்சுவழக்கு என்பது நீதிமன்றம் வரை சென்று நின்ற சிக்கலாக இருந்தது என்பதை மறத்தற்கில்லை.

3. மொழிக்கடப்பு

தம்முடையதாகக் கருதப்படாத வழக்கினை ஒருவர் எடுத்துப் பேசுவதைப் பென் ராம்ப்டன் 1995இல் ‘கடத்தல்’ என்னும் பொருள்படும் கலைச்சொல்லால் குறித்தார். தமிழில் அதனை மொழிக்கடப்பு எனலாம். வெள்ளை இளைஞர் ராப் பாடுவது மொழிக்கடப்பின் வெளிப்படையான வடிவம்.

எனினும் எல்லா மொழிக்கடப்பும் ஒருதன்மையதன்று. நியூயார்க்கின் வசதி படைத்த பகுதியைச் சேர்ந்த வெள்ளை இளைஞர் ஒருவரின் பேச்சை ஆராய்ந்த சிசிலியா கட்லர் (1999), அவர் கறுப்பின வழக்கின் ஒலிப்பையும் சொற்களையும் கைக்கொண்டாரே அன்றி அதன் இலக்கண உள்ளகத்தை எட்டவில்லை எனக் கண்டார். இதற்கு மாறாக, டெட்ராய்ட் புறநகர் உயர்நிலைப்பள்ளியொன்றை ஆராய்ந்த பெனலபி எக்கர்ட் (1989), பள்ளி அமைப்போடு ஒட்டாத தொழிலாளர் குடும்பத்து வெள்ளை மாணவர்கள் மாநகரை நோக்கியே தம் வாழ்வையும் பேச்சையும் அமைத்துக்கொண்டதைக் காட்டினார். எமினெமின் இடம் இவ்விரண்டாம் வகையினருக்கு அண்மையது. எதிர்மறை பலமுறை வரும் தொடரமைப்பு போன்ற கூறுகள் கறுப்பினத்தவருக்கும் வெள்ளைத் தொழிலாளருக்கும் பொதுவானவை. எனவே அவர் பேச்சில் இரவல் எது, பிறப்புரிமை எது எனக் கோடு கிழிப்பது எளிதன்று.

இரவல் வாழ்வு வெளிப்படுவதன் விளைவை அவருக்கு முன்வந்த ஒருவரின் கதை உணர்த்துகிறது. 1990இல் பெரும் விற்பனை கண்ட வனிலா ஐஸ் என்னும் வெள்ளை ராப் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு பெரிதும் புனைவு என்பது அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. அவர் மதிப்பு சரிந்தது. அதன்பின் வெள்ளைக் கலைஞர் எவரும் தம் பேச்சுக்குத் தம் வாழ்வையே பிணையாக வைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. எமினெமின் பாடல்களில் தன்வரலாறு இத்துணை மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வறுமை அவருக்குப் பொருள் மட்டுமன்று; உரிமச்சீட்டும் ஆகும்.

எல்லையை அறிந்து நிற்றலும் இவ்வுரிமத்தின் ஒரு பகுதி. கறுப்பினக் கலைஞர்கள் தமக்குள் இயல்பாக வழங்கும் இனச்சுட்டுச் சொல்லை எமினெம் தம் வெளியீடுகளில் தவிர்த்தே வந்தார். வழக்கின் ஒலியையும் ஓசையையும் தொடரையும் எடுத்துக்கொண்டவர், வரலாற்றுக் காயத்தைச் சுமக்கும் அச்சொல்லை மட்டும் விலக்கினார். ஆயினும் அவருடைய பதின்பருவ ஒலிப்பதிவொன்றில் கறுப்பினத்தவரை இழிக்கும் சொற்கள் இருந்தமை 2003இல் வெளிப்பட்டது. அதற்காக அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பிற்காலத்து எல்லையுணர்வு பிறவியிலேயே வந்ததன்று, கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

4. தோல்வியும் முகமூடியும்

1996 நவம்பரில் ‘இன்ஃபினிட்’ என்னும் முதல் தொகுப்பு டெட்ராய்ட்டில் வெளிவந்தது. மிகச் சில படிகளே விற்றன. நியூயார்க் கலைஞர்களாகிய நாஸ், ஏ.ஸீ. ஆகியோரின் சாயல் அதில் மிகுதி என உள்ளூரில் குறை கூறப்பட்டது. இக்குறை நேர்மையானதே. தொகுப்பில் இயைபின் நுட்பம் உண்டு, பேசுபவர் இல்லை. குரல் பிறரிடம் கற்ற நடையில் தங்கிவிடுகிறது.

அதற்கு அடுத்த மாதம், 1996 டிசம்பரில், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளி வாரியம் கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுமொழியை வகுப்பறையில் ஏற்பது பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நாடெங்கும் எழுந்த எள்ளலும் எதிர்ப்பும் கண்டு, 1997 ஜனவரியில் அமெரிக்க மொழியியல் கழகம் அவ்வழக்கின் ஒழுங்கமைப்பை வலியுறுத்தித் தானும் ஒரு தீர்மானம் வெளியிட வேண்டியதாயிற்று. வகுப்பறையில் எள்ளப்பட்ட அதே வழக்கு இசைச்சந்தையில் மிகுவிலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. இம்முரண் எமினெமின் எழுச்சிக்குப் பின்புலமாகும்.

1997இல் அவர் ‘ஸ்லிம் ஷேடி’ என்னும் கற்பனைப் பேச்சாளரைப் படைத்தார். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ராப் ஒலிம்பிக்ஸ் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அவருடைய ஒலிநாடா இன்டர்ஸ்கோப் நிறுவனத்தின் ஜிம்மி அயோவின் வழியாக டாக்டர் டிரே என்னும் கறுப்பின இசையமைப்பாளரிடம் சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் வெளிவந்த ‘த ஸ்லிம் ஷேடி எல்.பி.’ கிராமி விருது பெற்றது. 2000 மே மாதத்தில் வெளிவந்த ‘த மார்ஷல் மேத்தர்ஸ் எல்.பி.’ அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றது.

இவ்வெற்றியைத் தந்தது முகமூடியே. மார்ஷல், எமினெம், ஸ்லிம் ஷேடி என மூன்று பேச்சாளர்கள் ஒரு குரலுக்குள் இடம் மாறுகின்றனர். கூற்று யாருடையது என்னும் ஐயம் கேட்போரை விடாமல் பற்றுகிறது. ‘இன்ஃபினிட்’ தொகுப்பில் இல்லாத பேசுபவர் இங்கு மூவராக வந்துவிட்டார்.

5. இயைபின் இயல்பு

ஆங்கில மரபில் இயைபு என்பது இறுதி அழுத்த அசையின் உயிர் தொடங்கி அடியின் முடிவு வரை ஒலி ஒத்தலாகும். தமிழ் யாப்பின் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தை நோக்குவன. இயைபுத்தொடை ஒன்றே ஆங்கில இயைபுக்கு அண்மையது. எமினெமின் நடை இவ்விலக்கணத்தை இருவகையில் விரிக்கிறது. ஒன்று, இயைபு ஓரசையில் நில்லாமல் நான்கு, ஐந்து அசைகள் வரை நீள்கிறது. மற்றொன்று, மெய்கள் ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு நெகிழ்ந்து, அழுத்தம் பெற்ற உயிர்களின் வரிசை ஒத்திருப்பதே போதியதாகிறது.

‘ஆரஞ்ச்’ என்னும் சொல்லுக்கு இயைபு இல்லை என்பது ஆங்கிலத்தில் நெடுநாளைய கூற்று. 2010இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் எமினெம் இதனை மறுத்தார். அச்சொல்லை ஈரசையாகப் பிரித்து ஒலித்து, ‘ஸ்டோரேஜ்’, ‘போரிட்ஜ்’, ‘டோர் ஹிஞ்ச்’ போன்றவற்றோடு அதனை இணைத்துக் காட்டினார். இங்கு நிகழ்வது விளையாட்டன்று. எழுத்துருவையும் சொல்லெல்லையையும் புறக்கணித்து, ஒலிப்பை வேண்டியவாறு வளைத்து, ஒலியன்களின் ஒப்புமையை மட்டும் பற்றிக்கொள்ளும் செவிப்பயிற்சி அது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளைக் கேட்டு வளரும்போது ஒரே சொல்லுக்குப் பல ஒலிப்புகள் அவர் கைவசமாகின்றன. அவற்றுள் இயைபுக்கு உகந்ததைத் தேர்தல் அவருக்கு எளிது. சாலையின் இருபுறமும் வாழ்ந்த வாழ்வு அவருடைய இயைபுக்குள்ளும் இருக்கிறது எனக் கருத இடமுண்டு.

6. ஏசல் மேடை

1990களின் நடுப்பகுதியில் ஆடை வடிவமைப்பாளர் மாரிஸ் மலோனின் ‘ஹிப் ஹாப் ஷாப்’ என்னும் கடையில் நடந்த ராப் போட்டிகளே எமினெமின் பயிற்சிக்களம். ப்ரூஃப் அவற்றை நெறிப்படுத்தினார். இருவர் எதிரெதிர் நின்று முறைவைத்து ஒருவரையொருவர் இழித்துப் பாடுவர். சூழ நிற்போர் ஆரவாரத்தால் தீர்ப்புக் கூறுவர்.

இவ்வடிவத்தின் வேர் கறுப்பின இளைஞரிடையே ‘டசன்ஸ்’, ‘சௌண்டிங்’ என வழங்கிய பேச்சு விளையாட்டில் உள்ளது. ஹார்லம் இளைஞரிடம் இதனை ஆராய்ந்த வில்லியம் லபாவ் 1972இல் அதன் விதிகளை வகுத்தார். இழிவுரை வெளிப்படையாகவே உண்மையற்றது என்பதை இருவரும் அவையோரும் அறிந்திருக்க வேண்டும். அப்போது அதற்கு விடை மற்றோர் இழிவுரையே. கூறப்பட்டது உண்மைக்கு அருகில் வந்துவிட்டால் விளையாட்டு முறிகிறது. கேட்டவர் மறுக்கவோ சமாதானம் கூறவோ தொடங்குகிறார். முன்னதை ஏசல் எனவும் பின்னதை வசை எனவும் தமிழில் வேறுபடுத்தலாம். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் முறைவைத்துப் பேசும் ஏசலில், இருவருக்கும் சமமான வாய் உண்டு என்பதே அதன் சுவைக்கு அடிப்படை. பிற்காலத்தில் தாமஸ் காச்மன் (1983) விளையாட்டுக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு லபாவ் கருதியதுபோல் உறுதியானதன்று என மறுத்துரைத்தார். அம்மறுப்பும் ஈண்டுப் பயன்படுவது.

கர்ட்டிஸ் ஹான்சன் இயக்கிய ‘8 மைல்’ படத்தின் கதை 1995ஆம் ஆண்டு டெட்ராய்ட்டில் நடப்பது. எமினெம் ஏற்ற ஜிம்மி என்னும் பாத்திரம் முதற்போட்டியில் சொல்லெழாமல் நின்றுவிடுகிறது. இறுதிப்போட்டியிலோ, எதிரி சொல்லக்கூடிய குறைகள் அனைத்தையும் ஜிம்மியே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான். தான் வெள்ளையன், நகர்வண்டி வீட்டில் தாயோடு வாழ்பவன், அடிவாங்கியவன், காதலியால் வஞ்சிக்கப்பட்டவன் என அடுக்கிய பின்னர், எதிரியின் இயற்பெயரையும் அவன் கிரான்புருக் என்னும் தனியார் பள்ளியில் பயின்றவன் என்பதையும் அறிவிக்கிறான். எதிரி விடையின்றி நிற்கிறான்.

இக்காட்சியின் ஆற்றல் விதிமீறலில் உள்ளது. பொய்யால் ஆடவேண்டிய ஆட்டத்தை ஜிம்மி உண்மையால் ஆடுகிறான். உண்மையைத் தன்மீதே ஏவிக்கொள்வதால் அது வசையாகாமல் கவசமாகிறது. எதிரிமீது ஏவும் உண்மையோ இழிவே அன்று. நல்ல பள்ளியில் படித்தான் என்பது வேறெந்த அவையிலும் புகழ்ச்சி. ஏசல் மேடையில் மட்டுமே அது அவனை வீழ்த்தும். மேடையின் மதிப்பீட்டு முறையை இத்துணைச் சுருக்கமாக விளக்கிய காட்சி திரைப்படங்களில் அரிது.

இதே காட்சியின் குறையும் இங்கேதான் உள்ளது. ஏழை வெள்ளையனையும் வசதி படைத்த கறுப்பனையும் எதிரெதிர் நிறுத்தியதன்மூலம், வகுப்பே மெய், இனம் மேற்பூச்சு என்னும் முடிவுக்குப் படம் அவையோரை அழைத்துச் செல்கிறது. ஒரு மேடையில் அது மெய்யாகலாம். நகரத்துக்கு அது மெய்யன்று. ஜிம்மி வென்ற வழக்கினைப் பேசியமைக்காகப் பள்ளியில் பின்தள்ளப்பட்டோர் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகளே. வெள்ளைப் பேச்சாளருக்கு அவ்வழக்கு கலைத்திறமாக எண்ணப்பட்டது. கறுப்பினக் குழந்தைக்கு அது குறைபாடாக எண்ணப்பட்டது. படத்துக்காக எமினெம் எழுதிய ‘லூஸ் யுவர்செல்ஃப்’, ஆஸ்கார் விருது பெற்ற முதல் ராப் பாடலாக 2003இல் சிறப்புற்றபோதும் இவ்வினா எழுப்பப்படவில்லை.

7. விடைகூற இயலாதோர்

ஏசல் மேடையிலிருந்து இசைத்தட்டுக்கு ஏறும்போது ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்கிறது. மேடையில் எதிரி நேர்நிற்கிறார். அவருக்கும் முறை உண்டு. அவை இருவரையும் கேட்கிறது. இசைத்தட்டிலோ பேசுபவர் மட்டுமே இருக்கிறார். இழிக்கப்படுபவருக்கு முறை இல்லை. அவையும் ஒருவரையே கேட்கிறது. ஏசலின் சொற்கள் அப்படியே இருக்க, ஏசலின் சூழல் மறைந்துவிடுகிறது.

1999, 2000ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் எமினெம் தம் தாயையும் மனைவியையும் பெயரும் உறவும் சுட்டி இழித்தார். மனைவியைக் கொல்வதாக நடித்துக்காட்டும் பாடலும் அவற்றுள் உண்டு. பெண்களையும் தன்பால் விழைவோரையும் பற்றிய இழிசொற்களை எதிர்த்துப் பல அமைப்புகள் குரலெழுப்பின. 2001 பிப்ரவரியில் கிராமி விழாவில் எல்டன் ஜானோடு அவர் இணைந்து பாடியது அவ்வெதிர்ப்பைத் தணிக்க முயன்றதாகக் கருதப்பட்டது. எமினெமின் தரப்பினர் கூறும் விடை ஒன்றே: பேசுவது ஸ்லிம் ஷேடி, பாட்டு விளையாட்டு.

இவ்விடையை லபாவின் அளவுகோலால் சோதித்துப் பார்க்கலாம். ஏசலுக்கு விடை ஏசல். வசைக்கு விடை மறுப்பு. தாய் செய்தது மறுப்பே. 1999இல் மகன்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001இல் அது 25,000 டாலருக்கு முடிவுற்றது. 2000இல் ஓர் ஒலித்தட்டின் வழியாகவும் பின்னர் ஒரு நூலின் வழியாகவும் தம் தரப்பைக் கூறினார். ஆனால் மகனைக் கேட்ட அவை தாயைக் கேட்கவில்லை. எனவே பாடியவரின் நோக்கம் எதுவாயினும், கேட்டவரிடத்து அது வசையாகவே செயற்பட்டது எனல் தகும்.

பள்ளிக்காலத்தில் தம்மை அடித்தவராக எமினெம் ஒரு பாடலில் பெயர் சுட்டிய ஒருவரும் வழக்குத் தொடுத்தார். 2003இல் மிச்சிகன் நீதிபதி டெபோரா செர்விட்டோ அதனைத் தள்ளுபடி செய்தார். பாடலில் உள்ளவை யாரும் உண்மையெனக் கொள்ளாத மிகைக்கூற்று என்பது அவர் முடிபு. தீர்ப்பின் ஒரு பகுதியை அவர் ராப் வடிவிலேயே எழுதியிருந்தார். சட்டம் இங்கு ஏசலின் விதியை அறிந்து பேசுகிறது. எனினும் மிகை என்று எல்லோரும் அறிவர் என்பதனால் புண்படுதல் நீங்கிவிடாது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் பகுத்தது கூற்றின் வடிவம் நோக்கி. கூற்றின் விளைவை அறிய, இழிக்கப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் இடம் உண்டா என்பதையும் நோக்க வேண்டும்.

இக்குறையை எமினெமின் படைப்பே ஓரிடத்தில் உணர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டுத் தொகுப்பின் ‘ஸ்டான்’ என்னும் பாடல், கலைஞரின் சொற்களை எழுத்துக்கு எழுத்து மெய்யென நம்பிய ஒரு சுவைஞனின் மடல்களாக அமைந்தது. கலைஞரின் விடை வந்து சேர்வதற்குள் அவன் தன்னையும் தன் துணைவியையும் அழித்துக்கொள்கிறான். முகமூடியை முகமெனக் கொள்ளும் கேட்போர் உண்டு என்பதையும், விடை காலந்தாழ்ந்தால் பயனில்லை என்பதையும் அப்பாடல் ஒருங்கே சொல்கிறது. எமினெமின் படைப்புகளுள் தலையாயது இதுவே எனலாம். தற்காப்பாகக் கூறிய வாதத்தைத் தானே ஐயுறும் நேர்மை பிறிதெதிலும் இத்துணை அமையவில்லை. பாடலின் பெயர் கண்மூடிப் போற்றும் சுவைஞரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகி, 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதியிலும் இடம்பெற்றது.

முடிவுரை

எமினெமின் எழுச்சியைத் தனிமனிதத் திறத்தால் மட்டும் விளக்க இயலாது. திறம் பெரிது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அத்திறம் பயின்ற வழக்கு ஒரு சமுதாயம் அடிமைக்காலம் தொட்டு உருவாக்கியது. அத்திறத்துக்குச் செவிகொடுத்த அவை பெரும்பாலும் கறுப்பினத்தவரது. அத்திறத்தை உலகுக்கு உரைத்த இசையமைப்பாளரும் அச்சமுதாயத்தவர். கடன்பட்டதை எமினெம் மறைத்தவரல்லர். கடன் தந்தோரின் குழந்தைகள் வகுப்பறையில் அதே வழக்குக்காகத் தலைகுனிய நேர்வது அவர் ஒருவரால் தீர்க்கத்தக்கதும் அன்று. ஆயினும் அவர் வரலாற்றை எழுதுவோர் அதனைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது.

இசைத்தட்டுக்கு ஏறிய ஏசல் வசையாக மாறும் இயல்புடையது என்பது இவ்வாய்வின் மற்றொரு முடிபு. அம்மாற்றத்தைப் பாடியவரே பின்னர் ஒப்பினார் எனலாம். 2013இல் வெளிவந்த ‘ஹெட்லைட்ஸ்’ என்னும் பாடலில் எமினெம் தம் தாயிடம் வருத்தம் தெரிவித்து, அவரைத் தாக்கி 2002இல் தாம் வெளியிட்ட பாடலினின்று விலகி நின்றார். விளையாட்டுக்கு யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை. 2024 டிசம்பரில் அத்தாய் மறைந்தார். அவரை இழித்த பாடல்களும் வருந்திய பாடலும் இன்று ஒரே கலைஞரின் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைமட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது ஏசல் மேடையின் முறையும் அன்று, திறனாய்வின் முறையும் அன்று.